தண்ணீரில் ஊறிய விதை

எங்கள் பயிர் மேம்பாட்டு நிலையத்தில் எந்த விதையும் நிம்மதியாக முளைத்தது கிடையாது. மூட்டையிலிருந்து எடுத்துக் கழுவி, பெயரைச் சொன்னாலே கையுறை மாட்டிக்கொள்ள வேண்டிய ஒரு ரசாயனத்தில் ஊறவைப்போம். அது விதைக்குள் புகுந்து பரம்பரைச் சங்கதியையே கலைத்துப் போட்டுவிடும். பிறகு தட்டில் பரப்பி, ஈரம் காட்டி, என்ன ஆகிறது என்று வேடிக்கை பார்ப்போம். மருந்து கூடக்கூட நாற்று குட்டையாகும், இலை வெளுக்கும், பாதி செத்துப்போகும். சரியாகப் பாதி சாகிற அளவைக் கண்டுபிடித்துவிட்டால் கேக் வெட்டுவோம். பிழைத்த பாதி காய்த்ததும் அதன் பிள்ளை விதைகளை மறுபடி விதைத்து, அதுகளில் எதாவது புதிதாக இருக்கிறதா என்று தேடுவோம். இதுவரை கேக் நிறைய வெட்டியிருக்கிறோம். புது ரகம்தான் ஒன்றும் வரவில்லை.

என் வேலை வேர்நுனி. முளைவிட்ட பயற்றின் வேரில் நகக்கண் அளவு நறுக்கி, அமிலத்தில் போட்டு இளக்கி, ஊதாச் சாயம் ஏற்றி, கண்ணாடிச் சில்லில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்க வேண்டும். பிறகு நுண்ணோக்கியில் குனிந்து, எத்தனை செல் பிரிந்துகொண்டிருக்கிறது என்று எண்ண வேண்டும். ஆரோக்கியமான செல் பிரிவது, அண்ணன் தம்பி சண்டை சச்சரவில்லாமல் பாகம் பிரித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். ஊதா நூல்கள் நடுவில் வரிசை கட்டி நின்று, ஆளுக்குச் சரிபாதியாக இரண்டு பக்கமும் விலகிப் போகும். மருந்து தின்ற செல்லில் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், துண்டாகும். ஒன்றிரண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடுவிலேயே நின்றுவிடும். அதுகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நான் தற்காலிகப் பணியாளன். வேலை உறுதியானால் நிலையத்தின் குவார்ட்டர்ஸில் இருக்கலாம். இல்லையென்றால் காலி செய்ய வேண்டும். என் மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். வயிறும் பாத்திரமுமாக அவளைத் தெருவில் நிறுத்திவிடுவேனோ என்கிற ஒரே பயம்தான் எனக்கு. ஒன்றுதான் என்றாலும் ராட்சசப் பயம்.

அந்த நேரத்தில்தான், இத்தனை வருடமாகப் புது ரகம் ஏன் வரவில்லை என்று மேலிடத்திலிருந்து கேட்டுவிட்டார்கள். இயக்குநர் எல்லோரையும் அரங்கத்தில் கூட்டினார். அவர் சத்தம் போட்டுப் பேச மாட்டார். கோபம் வந்தால் கூடுதலாகச் சிரிப்பார். அன்றைக்கு நிறையச் சிரித்தார்.

"விதை மேல ஒரு குறையும் இல்ல. நானே தினமும் ஜன்னல் வழியா பார்க்கறேன், விதைங்க ரொம்ப ஒத்துழைக்குது. சாகச் சொன்னா சாகுது. நீங்கதான் மாறவே மாட்டேங்கறீங்க. மாற்றம் எப்படி வரும்? அதிர்ச்சி குடுத்தா வரும். பயறுக்கு ஒரு நியாயம், பணியாளருக்கு ஒரு நியாயம்னு பார்க்கற ஆள் நான் இல்ல. எல்லாரையும் சமமாத்தான் ஊறவைப்பேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். தட்டாதவர்களை யாரோ குறித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்ததால் நான் கை சிவக்கிற வரை தட்டினேன்.

மறுநாளே தெரிந்துவிட்டது, அது வெறும் பேச்சில்லை என்று. வாசலில் காவலாளி மரஅளவுகோலோடு நின்றார். நாற்று அளக்கிற அதே அளவுகோல், இன்னும் இரண்டை ஆணியடித்து நீட்டியிருந்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் சுவரோடு சாய்த்து நிறுத்தி, தலைக்குமேல் பென்சிலால் கோடு போட்டார்.

"எதுக்கு அண்ணே இது?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன சார் தெரியும். நிமிர்ந்து நில்லுங்க. கண்ணு ரெண்டையும் காட்டுங்க. மஞ்சளா இருக்கான்னு பார்க்கச் சொன்னாங்க."

அப்புறம் மெமோக்கள் வர ஆரம்பித்தன. தட்டச்சு அம்மாவுக்கு அரைப்பக்கம்: தும்மல் சத்தம் அதிகமாக இருக்கிறது, கவனிக்கவும். பண்ணைக்காரருக்கு ஒரு பக்கம். முளைத்தட்டுகளைப் பார்த்துக்கொள்கிற டிரே அண்ணனுக்குத்தான் கன மருந்து. தினம் மூன்று பக்கம், அடிக்கோடு போட்டு, கடைசியில் 'ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது?' என்று முடியும்.

எனக்கும் ஒரு உறை வந்தது. அதே காக்கி உறை, அதே அரக்கு முத்திரை. பிரித்தேன். உள்ளே நாலாக மடித்த ஒரு வெள்ளைத்தாள். ஒரு எழுத்து இல்லை. திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கமும் வெள்ளை.

மறந்துபோய் வைத்திருப்பார்கள் என்று முதல் நாள் தேற்றிக்கொண்டேன். அடுத்த நாளும் ஒன்று வந்தது. அதுவும் வெள்ளை. ஒருத்தன் செய்த தப்பை எழுத்தில் போடவே கூசினால்தானே இப்படி வெறும் தாளை அனுப்புவார்கள்?

வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடுப்புச் சூட்டில் காட்டினேன். எலுமிச்சைச் சாற்றால் எழுதியிருந்தால் சூட்டில் தெரியும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். தாளின் ஓரம் கருகியதுதான் மிச்சம்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் மனைவி.

"மெமோ."

வாங்கிப் பார்த்தாள். "நல்ல கெட்டிப் பேப்பரா இருக்கு. அலமாரித் தட்டுல விரிக்க இன்னும் நாலு வாங்கிட்டு வாங்க."

"விளையாடாத. என்னமோ பண்ணிட்டேன் போலிருக்கு."

"என்ன பண்ணீங்க?"

"அதான் தெரியல."

"தெரியாததுக்கு எதுக்குப் பயம்? மடியில கனமிருந்தாத்தான் வழியில பயம்."

அந்தப் பழமொழி சொன்னவன் எங்கள் நிலையத்தில் வேலை பார்த்ததில்லை. என் மடியில் ஒன்றுமே இல்லை. அதுதான் கனத்தது. இருந்தால் எடுத்துப் போட்டுவிடலாம்.

டிரே அண்ணனிடம் காட்டினேன். அவர் தன் மெமோக்களை டீ கிளாஸுக்கு அடியில் கறை படாமல் இருக்கப் போட்டு வைத்திருந்தார்.

"முதல் வாரம் நானும் பயந்துதான் கிடந்தேன் தம்பி. இப்பப் பழகிடுச்சு. நேத்து ரெண்டு பக்கம்தான் வந்துது, உடம்பு சரியில்லையோன்னு டைப்பிஸ்ட்டம்மாவைப் போய் விசாரிச்சேன்."

"எனக்கு வெறும் தாளா வருதே அண்ணே."

அவர் முகம் மாறியது. தாளைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தார். "எனக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு என் மெமோவுல எழுதியிருக்கு. உனக்கு என்னன்னு சொல்லக்கூட மாட்டேங்கறாங்களே" என்றார். அதற்கப்புறம் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கவில்லை.

பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இயக்குநர் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சில் மற்றவர்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்களோ அவ்வளவு நேரம் நானும் காத்திருந்தேன். உள்ளே இயக்குநர், பக்கத்தில் மரபியல் தலைமை விஞ்ஞானி அம்மா, ஓரத்தில் குறிப்பெடுக்கிறவர். நாற்காலியைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இயக்குநர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். விஞ்ஞானி அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. என் முதுகில் வேர்வை ஓடுவது எனக்கே கேட்டது. பொறுக்க முடியாமல் நானே ஆரம்பித்தேன்.

"போன மாசம் ஒரு கண்ணாடிச் சில்லு கைதவறி உடைஞ்சிடுச்சுங்க."

குறிப்பெடுக்கிறவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"சாயக் குப்பியை ஒருநாள் மூடாம போயிட்டேன். இயக்குநர் ஐயா நடையைப் பத்தி டிரே அண்ணன் சொன்ன ஜோக்குக்குச் சிரிச்சேன். சத்தமாச் சிரிக்கல."

விஞ்ஞானி அம்மா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. நேரம் முடிந்ததும் கதவைக் காட்டினார்கள். நான் ஒப்புக்கொண்ட எதுவும் அவர்களுக்குப் போதவில்லை என்று புரிந்துகொண்டேன். இதைவிடப் பெரிதாக ஏதோ செய்திருக்கிறேன்.

அன்றைக்கு மாலையே உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். 'மெமோவில் குறிப்பிட்டுள்ள அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன். இனி இவ்வாறு நடக்காது. கருணை காட்ட வேண்டுகிறேன்.'

"எதைடா ஒப்புக்கிட்ட?" என்று டிரே அண்ணன் தூரத்திலிருந்தே கேட்டார்.

"அதுல இருக்கறதைத்தான்."

"அதுல ஒண்ணுமே இல்லையே!"

"அதான் அண்ணே பயமா இருக்கு."

நிலையத்தில் ஒரு பதில் வந்துவிட்டால் அதற்கொரு கேள்வி இருந்தே ஆக வேண்டும். கேள்வியைக் காணோம் என்றதும் ஒரு குழு போட்டார்கள். குழு என் நுண்ணோக்கி அறையையும், மேஜை இழுப்பறையையும், சாப்பாட்டு டப்பாவையும் சோதித்தது. கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள்: பதில் திருப்திகரமாக உள்ளது, கேள்வி கிடைத்ததும் பொருத்திக்கொள்ளலாம்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நுண்ணோக்கியில் குனிந்தால் ஊதா நூல்கள் எல்லாம் எழுத்துகளாகத் தெரிந்தன. படிக்கப் போனால் கலைந்துவிட்டன. வாசலில் காவலாளி அளவுகோலை வைத்துவிட்டு, மறுபடி ஒருமுறை வைத்தார்.

"சார், நீங்க ஒரு விரக்கடை இறங்கிட்டீங்க."

"கூன் போட்டு நிக்கறேனோ என்னவோ."

"நிமிர்ந்துதான் சார் நிக்கறீங்க. கண்ணும் வெளுத்துப் போச்சு." அவருக்கே என்மேல் இரக்கம் வந்து, பென்சில் கோட்டைக் கொஞ்சம் தூக்கிப் போட்டார்.

வீட்டில் மனைவி என் சட்டைத் தோளைப் பிடித்துப் பார்த்தாள். "சட்டை பெருசாயிடுச்சா, நீங்க சின்னதாயிட்டீங்களா? இங்க பாருங்க, எனக்கு ஒரு பிள்ளைதான் பெத்துக்க முடியும். உங்களையும் தூக்கிச் சுமக்க வைக்காதீங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளும் சிரிக்கவில்லை.

ஆய்வு முடிவை அறிவிக்க மறுபடி அரங்கத்தில் கூட்டினார்கள். வேலையைவிட்டு யாரை அனுப்பப் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வரும்போதே மேஜையைத் துடைத்துவிட்டு வந்தேன். விஞ்ஞானி அம்மா திரையில் படம் காட்டினார். நாலு கம்பங்கள்.

"இது குறைந்த மருந்து. அரைப்பக்க மெமோ. வளர்ச்சியில பாதிப்பு இல்ல. இது நடுத்தரம். பாதிப்பு இல்ல. இது அதிகபட்சம், தினம் மூணு பக்கம். இங்க வளர்ச்சி கொஞ்சம் கூடியிருக்கு."

டிரே அண்ணன் வெட்கத்தோடு தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

கடைசிக் கம்பம் மற்றதில் பாதிகூட இல்லை. அதன் அடியில் சைபர் என்று போட்டிருந்தது. விஞ்ஞானி அம்மாவின் குரல் தடுமாறியது.

"இது கண்ட்ரோல். மருந்தில்லாம வெறும் தண்ணியில ஊறவச்ச விதை மாதிரி. மத்தவங்களுக்கு என்னென்ன செஞ்சோமோ அத்தனையும் இவருக்கும் செஞ்சோம். அதே உறை, அதே முத்திரை, அதே பெஞ்சு, அதே நேரம். மெமோவுல விஷயம் மட்டும் இல்ல."

வருடக்கணக்காக இதைத்தான் நான் பயற்றுக்குச் செய்துகொண்டிருந்தேன். மருந்து விதையை எத்தனை மணி நேரம் ஊறவைக்கிறோமோ அத்தனை மணி நேரம் வெறும் தண்ணீரில் இன்னொரு பிடி விதையை ஊறவைப்பேன். அதே குழாயில் கழுவுவேன், அதே தட்டில் வைப்பேன். எல்லாவற்றையும் செய்தவன், உறை கைக்கு வந்தபோது மட்டும் யோசிக்கவில்லை. பயந்தவனுக்கு யோசனை ஏது?

எழுந்து நின்றுவிட்டேன். "அப்ப என் மேல எந்தக் குற்றமும் இல்லீங்களா?"

"இல்லவே இல்ல. உங்களுக்குக் குடுத்தது சுத்தமான தண்ணி" என்றார் அம்மா.

எனக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அப்போது இயக்குநர் சிரித்தார்.

"பின்ன எதுக்குப் பயந்தீங்க?"

தட்டச்சு அம்மா தும்மலைக் கைக்குட்டைக்குள் அமுக்கிக்கொண்டார். இயக்குநர் தொடர்ந்தார்.

"மருந்து குடிச்சவன் எல்லாம் நேரா நிக்கறான். தண்ணி குடிச்ச நீங்க சுருண்டுட்டீங்க. இந்த நிலையத்துல ஒருத்தர் சும்மா இருந்தாலே பயப்படுவார்னு வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க? நாங்க என்னமோ பயமுறுத்தறோம்னு நினைக்க மாட்டாங்களா? காரணமில்லாம பயந்து ஒரு நல்ல ஆராய்ச்சியைக் கெடுத்திருக்கீங்க. நியாயமா சொல்லுங்க, நான் உங்களை எதாவது கேட்டேனா?"

"இல்லீங்க."

"ஒரு வார்த்தை கேட்டேனா?"

"இல்லீங்க ஐயா."

மறுநாள் எனக்கு முதன்முதலாக எழுத்துள்ள மெமோ வந்தது. ஒரே வரி: 'எந்தக் காரணமும் இன்றிப் பயந்தது ஏன்?' அதைப் படித்ததும் வாரக்கணக்கில் அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. எழுத்து! கேள்விக்குறியோடு முழுசாக ஒரு குற்றச்சாட்டு! அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

மனைவி படித்துப் பார்த்தாள். "'இங்க வேலை பார்க்கறதால'ன்னு எழுதிக் குடுங்க."

எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 'கவனக்குறைவால் பயந்துவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தேன்.

என்னை அனுப்பவில்லை. எந்தப் பரிசோதனையையும் திரும்பத் திரும்பச் செய்தால்தான் முடிவு நிற்கும், கண்ட்ரோலைத் தூக்கிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று விஞ்ஞானி அம்மா வாதாடினாராம். வேலை உறுதியான உத்தரவைக் கையில் கொடுத்தார்கள். அதில் என் பதவி 'நிரந்தரக் கண்ட்ரோல்' என்று இருந்தது. குவார்ட்டர்ஸ் நிலைத்தது. உத்தரவைக் கொடுத்துவிட்டு அம்மா அன்பாக ஒன்று கேட்டார்.

"வீட்டுல எப்போ டெலிவரி?"

இத்தனை வருடத்தில் அவர் என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டதே இல்லை. எனக்கு நெஞ்சு இளகிவிட்டது. "இந்த வாரம்ங்க" என்றேன்.

"நல்லது. முதல் தலைமுறையில நாம பார்க்கறது வெறும் காயம்தான். அது ஆறிடும். அடுத்த தலைமுறையில வர்றதுதான் நிஜமான மாற்றம்" என்றார். பயற்றைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பெண் குழந்தை. பிறந்த மறுநாள் காலை, ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னல் வெயில் விழுகிற கட்டிலில், மனைவி பக்கத்தில் துணிச் சுருளாகக் கிடந்தது. நான் அதன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் ஒரு வேர்நுனி அளவுதான் இருக்கும். அப்போது கதவருகில் யாரோ செருமினார்கள். எங்கள் காவலாளி. ஒரு கையில் மரஅளவுகோல், இன்னொரு கையில் காக்கி உறை. கூச்சத்தில் நெளிந்துகொண்டு நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க சார். அளவு எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

உறையின் மேல் தட்டச்சு அம்மாவின் கையால் முகவரி இருந்தது: 'கண்ட்ரோல், இரண்டாம் தலைமுறை.'

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நடந்ததிலேயே பெரிய பயம் அதுதான். எனக்கு வந்த உறைகளையெல்லாம் சேர்த்தாலும் இதற்கு ஈடாகாது.

"இன்னும் பேரே வைக்கலையே அண்ணே" என்றேன்.

"நானும் சொன்னேன் சார். பதில் எழுதாது, கையெழுத்துப் போடாதுன்னு சொன்னேன். கைநாட்டு போதும்னுட்டாங்க." சட்டைப் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார். ஊதா மை. நான் தினமும் வேர்நுனிக்கு ஏற்றுகிற அதே ஊதா. என் கட்டைவிரல் தானாகச் சட்டை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது.

மனைவி கையை நீட்டினாள். "குடுங்க அதை."

உறையைக் கிழித்தாள். வெள்ளைத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இத்தனை நாளும் எதற்கும் அசராதவள், ஒரு கணம் தயங்கி, மூன்றாவது முறையும் திருப்பிப் பார்த்தாள். போச்சு, இவளையும் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

அவள் தாளை நன்றாக நீவிக் கட்டிலில் விரித்தாள். குழந்தையின் துணியை அவிழ்த்து, அதைத் தூக்கித் தாளின் நடுவில் படுக்க வைத்தாள். குழந்தை காலை உதைத்துக்கொண்டு, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கி, கொஞ்சம் யோசித்தது. பிறகு தாராளமாக ஒன்றுக்குப் போனது. கெட்டிப் பேப்பர், சொட்டுக்கூடக் கீழே போகவில்லை.

மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாளை ஓரத்தில் பிடித்து நீட்டினாள். "விளக்கம் குடுத்தாச்சு. கொண்டுபோய் உங்க இயக்குநர் கையிலயே குடுங்க."

காவலாளி அளவுகோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரத்தாளை இரண்டு விரலால் வாங்கினார். சிரிப்பை அடக்குவதில் அவர் மீசை துடித்தது. ஆனாலும் இத்தனை வருடம் அந்த வாசலில் நின்றவர் அல்லவா, போகாமல் தயங்கினார்.

"ரெண்டு பிரதி கேட்டாங்களேம்மா."

எனக்கு அப்போதும் உள்ளங்கை வேர்த்துக்கொண்டுதான் இருந்தது. என்னிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது, சிரிப்பு என்று அடையாளம் கண்டுகொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. மனைவி குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு, முந்தானையை இழுத்து மூடினாள்.

"அப்படி வெளிய உட்காருங்க அண்ணே," என்றாள், "இப்பத்தான் பால் குடிக்குது."